ஆற்றங்கரையில் ஒளிந்திருக்கும் தபால்பெட்டி

முதலில் ஒரு புதிர்.

"க்ராக்கர்ன் டார் 140 பாகை. லிட்டாஃபோர்ட் டார் 35 பாகை. பேர்டௌன் டார் 330 பாகை. ஆற்றுக்கு முதுகு காட்டி 12 எட்டு. சாய்ந்த பாறையின் அடியில், தட்டைக் கல்லுக்குப் பின்னால்."

இந்தக் குறிப்பும் ஒரு வரைபடமும் ஒரு திசைகாட்டியும் போதும். ஆள் அரவமில்லாத ஒரு மேட்டுநிலத்தில், பாறைகளுக்கிடையே ஒளித்து வைத்த சின்னஞ்சிறு பெட்டியை நீங்கள் கண்டுபிடித்துவிடலாம். எப்படி என்பதைத்தான் இப்போது பேசப்போகிறோம். ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன். குறிப்பு நான் வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது. அங்கே பெட்டி கிடையாது. ஆனால் அதில் வரும் மூன்று குன்றுகளும் உண்மை, ஆறும் உண்மை.

இங்கிலாந்தின் தென்மேற்கே டெவன் என்றொரு மாவட்டம். அதன் நடுவில் டார்ட்மூர் என்ற மேட்டுநிலம் 950 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 1951 முதல் அது தேசியப் பூங்கா. அடியில் முழுக்க கருங்கல். சுமார் 28 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிக் கிடந்து இறுகிய கல். மேலே சேறும் புல்லும் புதரும். குன்றுகளின் உச்சியில் மட்டும் கருங்கல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அப்படி நிற்கும் பாறைக் குவியலைத்தான் அங்கே டார் என்கிறார்கள்.

அந்த மேட்டுநிலத்தின் வடபகுதியில், எந்தச் சாலையும் போகாத இடத்தில், க்ரான்மியர் குளம் என்று ஒரு பள்ளம் இருக்கிறது. பெயர்தான் குளம், இன்று அங்கே தண்ணீர் தேங்குவதில்லை. 1854-ல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி அங்கே சிறு கற்குவியல் ஒன்றை எழுப்பி, அதற்குள் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்தார். சேற்றில் கால் புதைய நடந்து அவ்வளவு தூரம் வந்தவர்கள், வந்ததற்கு அடையாளமாகத் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் போட்டுவிட்டுப் போகலாம். நாளடைவில் வருகிறவர்கள் ஒரு வேடிக்கையான வழக்கத்தைத் தொடங்கினார்கள். தமக்கோ நண்பருக்கோ முகவரி எழுதி ஒரு கடிதத்தை அங்கே விட்டுவிடுவார்கள். அடுத்து வருகிறவர் அதை எடுத்துப்போய் ஊரில் தபாலில் சேர்க்க வேண்டும். அடுத்தவர் நாளைக்கும் வரலாம், அடுத்த மாதமும் வரலாம். முன்பின் தெரியாத ஒருவரை நம்பி விட்டுவிட்டுப் போன கடிதம் அது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1905-ல் அங்கே கையெழுத்துப் புத்தகம் ஒன்று வைக்கப்பட்டது. பிறகு ரப்பர் ஸ்டாம்பும் வந்தது. இன்று டார்ட்மூர் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான பெட்டிகள் பாறை இடுக்குகளில் ஒளிந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்டாம்ப், ஒரு நோட்டு. தேடிப் போகிறவர் தம் கையிலும் ஒரு ஸ்டாம்ப், ஒரு நோட்டு, மைப்பெட்டி கொண்டு போவார். பெட்டியின் ஸ்டாம்பைத் தம் நோட்டில் குத்திக்கொள்வார். தம் ஸ்டாம்பைப் பெட்டியின் நோட்டில் குத்திவிட்டு வருவார். பரிசு எதுவும் கிடையாது. 1998-ல் 'ஸ்மித்சோனியன்' என்ற அமெரிக்க இதழ் இதைப் பற்றி எழுதிய பிறகு, அந்த நாட்டிலும் ஆற்றங்கரைகளிலும் காடுகளிலும் பெட்டிகள் ஒளிய ஆரம்பித்தன.

இப்போது நம் புதிருக்கு வருவோம்.

திசைகாட்டியில் ஒரு வட்டம் இருக்கிறது. வடக்கு 0 பாகை. கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றினால் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270, மறுபடி வடக்கு 360. "க்ராக்கர்ன் டார் 140 பாகை" என்றால், பெட்டி இருக்கும் இடத்தில் நின்று பார்க்கும்போது அந்தக் குன்று தென்கிழக்கில் 140 பாகையில் தெரியும் என்று பொருள். ஆனால் நாம் இன்னும் பெட்டி இருக்கும் இடத்துக்குப் போகவில்லையே? அதனால் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். நீங்கள் ஒரு நண்பரை எந்தத் திசையில் பார்க்கிறீர்களோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் அவர் உங்களைப் பார்ப்பார். நேர் எதிர் என்பது 180 பாகை. 140 உடன் 180-ஐக் கூட்டினால் 320. எனவே வரைபடத்தில் க்ராக்கர்ன் டாரிலிருந்து 320 பாகைக்கு ஒரு கோடு போடுங்கள். லிட்டாஃபோர்டிலிருந்து 35 கூட்டல் 180, அதாவது 215 பாகைக்கு ஒரு கோடு. பேர்டௌனுக்கு 330, அதோடு 180-ஐக் கூட்டினால் 360-ஐத் தாண்டிவிடும், ஆகவே கழித்துக்கொள்ளுங்கள்: 150.

மூன்று கோடுகளும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் பெட்டி. அது மேற்கு டார்ட் ஆற்றின் கரையோரம்.

இரண்டு கோடுகளே ஒரு புள்ளியில் சந்திக்குமே, மூன்றாவது எதற்கு என்று கேட்கிறீர்களா? அருமையான கேள்வி. கையில் பிடித்துப் பார்க்கும் திசைகாட்டியில் ஒன்றிரண்டு பாகை தவறுவது சகஜம். 1 கிலோமீட்டர் தூரத்தில் 1 பாகை தவறினால், இடம் ஏறக்குறைய 17 மீட்டர் தள்ளிப்போகும். இரண்டு கோடுகள் மட்டும் இருந்தால், அவை தவறான இடத்தில் சந்தித்தாலும் உங்களுக்குத் தெரியாது. மூன்றாவது கோடு காட்டிக்கொடுத்துவிடும்: மூன்றும் ஒரே புள்ளியில் சேராமல் சிறிய முக்கோணம் ஒன்றை உண்டாக்கும். முக்கோணம் சிறிதாக இருந்தால் உங்கள் அளவை நம்பலாம். பெரிதாக இருந்தால் மறுபடி அளக்க வேண்டும். கடலில் கப்பல் செலுத்தியவர்களும் கலங்கரை விளக்கங்களைப் பார்த்து இதே முறையில்தான் தாங்கள் இருக்கும் இடத்தைக் குறித்தார்கள்.

இன்னொரு சங்கதி உண்டு. இது என்னை எப்போதும் வியக்க வைப்பது. பெட்டி அசையாமல் இருக்கும், குன்றுகளும் அசையாமல் இருக்கும்; ஆனால் குறிப்பு மெல்ல மெல்லத் தவறாகிக்கொண்டே வரும்! ஏன் தெரியுமா?

காந்த ஊசி காட்டுவது பூமியின் உண்மையான வடக்கை அல்ல, காந்த வடக்கை. நம் காலுக்கு அடியில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழத்தில் உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓட்டத்தில்தான் பூமியின் காந்தப்புலம் பிறக்கிறது. ஓட்டம் மாறமாறப் புலமும் மாறுகிறது, ஊசியும் திரும்புகிறது. 1800-களின் தொடக்கத்தில் லண்டனில் ஒரு காந்த ஊசி உண்மை வடக்கிலிருந்து சுமார் 24 பாகை மேற்கே விலகி நின்றது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி, 2019-ல் லண்டனின் கிரீனிச்சில் உண்மை வடக்கும் காந்த வடக்கும் ஒன்றாகிவிட்டன. 300 ஆண்டுகளுக்கு மேலாக அப்படி நடந்ததில்லை. 2022 நவம்பரில் இன்னும் ஒரு அபூர்வம். வரைபடங்களில் கட்டம் போடும் கோடுகளுக்கென்று தனியாக ஒரு வடக்கு உண்டு. அந்த மூன்றாவது வடக்கும் மற்ற இரண்டோடு சேர்ந்து, தென் இங்கிலாந்தின் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற கடலோர ஊரில் ஒரே கோட்டில் நின்றது.

ஆகவே 1980-களில் காந்த வடக்கை வைத்து எழுதிய குறிப்பை இன்று அப்படியே பின்பற்றினால் சுமார் 5 பாகை தவறும். 1 கிலோமீட்டருக்கு 5 பாகை என்றால் 87 மீட்டர். பெட்டி இருக்கும் பாறை ஒன்று, நாம் தேடும் பாறை வேறொன்று. எனவே குறிப்பை யார், எந்த ஆண்டில் எழுதினார் என்பதும் தேடுகிறவருக்குத் தெரிய வேண்டும். பெல்ட்டின் இரும்புக் கொக்கி, கைப்பேசி இரண்டையும் திசைகாட்டியிடமிருந்து விலக்கி வைப்பதும் அவசியம். கைப்பேசியின் ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது.

கைப்பேசி என்றதும் உங்களில் பலருக்கு ஜி.பி.எஸ். நினைவுக்கு வந்திருக்கும். 2000-வது ஆண்டு மே 2 அன்று, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜி.பி.எஸ். சைகையில் வேண்டுமென்றே சேர்த்திருந்த பிழையை அமெரிக்க அரசு நீக்கியது. மறுநாளே ஒருவர் ஓரெகான் மாநிலத்தில் ஒரு வாளியில் சில பொருள்களைப் போட்டு ஒளித்துவைத்து, இடத்தை எண்களால் அறிவித்தார். அப்படிப் பிறந்த விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்று பெயர். அதுவும் நல்ல விளையாட்டுதான். ஆனாலும் குன்றைப் பார்த்து, கோணம் அளந்து, காகிதத்தில் கோடு போட்டுக் கண்டுபிடிப்பதில்தான் எனக்கு ஆசை. அதில் உங்கள் கண்ணும் மூளையும் சும்மா இருக்கவே முடியாது.

கோடுகள் சந்தித்த இடத்துக்கு வந்துவிட்டோம். இனி "12 எட்டு." யாருடைய எட்டு? குறிப்பு எழுதியவர் நெட்டையாக இருக்கலாம். நீங்கள் அவர் இடுப்பளவு இருக்கலாம். பழகியவர்கள் முன்கூட்டியே 100 மீட்டர் தூரத்தை அளந்து, அதை எத்தனை எட்டில் கடக்கிறோம் என்று எண்ணி வைத்திருப்பார்கள். மேட்டில் ஏறும்போது எட்டு குறுகும், இறங்கும்போது நீளும். அதற்குத் தனித்தனியாக எண்ணிக்கொள்வார்கள்.

கடைசிச் சில மீட்டருக்குத் திசைகாட்டி உதவாது. கண்தான் உதவும். அங்கே சுற்றிலும் கற்கள், கற்கள், கற்கள். இவ்வளவு கல் எங்கிருந்து வந்தது? கடந்த பனியுகத்தில் பனிப்பாளம் டார்ட்மூர் வரை எட்டவில்லை. ஆனால் குளிர் எட்டியது. பாறை வெடிப்பில் புகுந்த தண்ணீர் உறைந்தது. நீர் உறையும்போது அதன் கன அளவு சுமார் 9 சதவீதம் பெருகும். அந்த நெருக்குதலில் வெடிப்பு அகலும். உருகும், மறுபடி உறையும், இன்னும் அகலும். இப்படியே உடைந்த கற்கள் சரிவில் நழுவி இறங்கி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பெட்டி ஒளிக்கத் தோதான பொந்துகள் எல்லாம் பனி செய்து கொடுத்தவை.

பொந்தைக் கண்டதும் கையை விட்டுவிடாதீர்கள். பிரிட்டனின் ஒரே நஞ்சுப் பாம்பான ஆடர் விரியன் டார்ட்மூரில் வாழ்கிறது. முதலில் குனிந்து பார்ப்பார்கள், பிறகு கைத்தடியால் மெல்லத் தொடுவார்கள், அதன் பிறகுதான் கை. நம் ஊர்க் கல் இடுக்குகளுக்கும் இது பொருந்தும்.

பெட்டிக்குள் இருக்கும் நோட்டு ஏன் பிளாஸ்டிக் பைக்குள் இருக்கிறது? மூடிதான் இறுக்கமாக இருக்கிறதே? டார்ட்மூரின் உயரமான பகுதிகளில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. காற்றே எப்போதும் ஈரம். நீங்கள் பகலில் பெட்டியைத் திறந்து மூடும்போது அந்த ஈரக் காற்றையும் சேர்த்தே உள்ளே அடைக்கிறீர்கள். இரவில் குளிரும்போது காற்றால் அவ்வளவு நீராவியைத் தாங்க முடியாது. மிச்சம் துளித்துளியாக உள்சுவரில் படியும். மழை ஒரு சொட்டுக்கூடப் புகாத பெட்டிக்குள் நோட்டு நனைவது இப்படித்தான். அதனால்தான் பைக்குள் பை. புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், அதையும் சிலர் உள்ளே போட்டு வைப்பார்கள்.

நம் புதிரின் இடத்திலிருந்து ஆற்றை ஒட்டி வடக்கே கொஞ்ச தூரம் போனால் விஸ்ட்மன்ஸ் வுட் என்ற சிறு காடு வரும். கடல்மட்டத்துக்கு மேல் 400 மீட்டர் உயரத்தில், பாறைகளுக்கிடையே முறுக்கிக்கொண்டு நிற்கும் ஓக் மரங்கள். உடலெல்லாம் பாசி, கிளையெல்லாம் லைக்கன். பெரும்பாலானவை ஒரு வீட்டின் கூரை உயரம்கூட வளரவில்லை. 1866-ல் ஒருவர் அனுமதி பெற்று அங்கே ஒரு மரத்தை வெட்டி வளையங்களை எண்ணிப் பார்த்தார். அதன் குறுக்களவு 9 அங்குலம்தான். வயதோ ஏறக்குறைய 168! இதைப் பொறித்த கல் காட்டருகே இன்றும் இருக்கிறது. இங்கே மரங்கள் பிழைத்ததற்குக் காரணமும் அந்தக் கற்களே. இடுக்கில் விழுந்து முளைத்த கன்றை ஆடுமாடுகளால் எட்டித் தின்ன முடியவில்லை.

இந்தக் காட்டுக்குள் பெட்டி வைக்கலாமா? கூடவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். ஒருவர் மிதித்தால் பாசி தாங்கும். நூறு பேர் தேடித் துழாவினால் பாறை மொட்டையாகிவிடும். காட்டுக்குள் நுழையாமல் வெளியே நின்று பாருங்கள் என்று இயற்கைப் பாதுகாப்புத் துறையினரே பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்கிறார்கள். டார்ட்மூரில் பெட்டி வைப்பவர்களுக்கும் நெறிமுறை உண்டு. பழங்காலக் கல்லறைகள், கல்வரிசைகள், பழைய சுவர்கள் ஆகியவற்றில் வைக்கக்கூடாது. சிமென்ட் பூசி நிலையாகப் பதிக்கக்கூடாது. ஆபத்தான இடத்தில் வைக்கக்கூடாது. எடுத்த பெட்டியை எடுத்தபடியே, எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும்.

இனி நான் சொல்லப்போவது மனிதர் வைக்காத தபால்பெட்டியைப் பற்றி.

டார்ட் ஆற்றில் நீர்நாய்கள் உண்டு. அவை இரவில் உலவுபவை, பார்ப்பது அரிது. ஆனால் கரையோரப் பாறைகளில், பாலத்தின் அடியில், ஓடைகள் கூடும் இடத்தில், எடுப்பாகத் தெரியும் கல்லாகப் பார்த்துத் தங்கள் எச்சத்தை இட்டுவிட்டுப் போகும். சும்மா போகிற போக்கில் இடுவதல்ல. அந்த வாசனையில் செய்தி இருக்கிறது: இட்டது ஆணா பெண்ணா, எந்தப் பருவத்தில் இருக்கிறது, தெரிந்த நீர்நாயா புதிதா. அடுத்து அந்த வழியே வரும் நீர்நாய் மோந்து பார்த்துவிட்டு, தன் பங்குக்கும் ஒன்றை இட்டுச் செல்லும். நான் முன்பு சொன்ன கையெழுத்துப் புத்தகத்தில் நடப்பதும் இதுதானே! அந்த எச்சத்தின் வாசனை, மீன் வாடையோடு மல்லிகைத் தேநீர் மணமும் கலந்தது போல இருக்கும் என்று மோந்தவர்கள் சொல்கிறார்கள்.

அறிவியலாளர்கள் இந்தத் தபாலைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். எச்சத்தில் மீன் செதிலும் முள்ளும் கிடைக்கும்; அதிலிருந்து உணவு தெரியும். டி.என்.ஏ.விலிருந்து எது எந்த நீர்நாய் என்று தெரியும். 1977 முதல் 1979 வரை இங்கிலாந்து முழுக்க ஏறக்குறைய 3,000 இடங்களில் ஆற்றங்கரைக் கற்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நூற்றுக்கு ஆறு இடங்களில்கூட அடையாளம் கிடைக்கவில்லை. 1950-களில் வந்த டீல்ட்ரின் போன்ற பூச்சிக்கொல்லிகள் வயலிலிருந்து ஆற்றுக்கும், ஆற்றிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நீர்நாயின் உடற்கொழுப்புக்கும் சென்று சேர்ந்ததுதான் காரணம். அந்த நஞ்சுகள் படிப்படியாக நிறுத்தப்பட்டன. 1978-ல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பும் வந்தது. 2009-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட இடங்களில் நீர்நாயின் அடையாளம் கிடைத்தது. ஒரு விலங்கு ஏறக்குறைய அழிந்ததும், திரும்பி வந்ததும், கற்களின் மேல் எழுதப்பட்டிருந்தன. படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள்.

பெட்டி தேடுகிறவர்கள் ஆற்றுக்குள் கிடக்கும் கல்லைப் புரட்டக்கூடாது என்பதற்கும் வலுவான காரணம் இருக்கிறது. கல்லின் அடிப்பக்கம் ஒரு குடியிருப்பு. மேஃபிளை என்ற பூச்சியின் இளம்பருவங்கள் அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும். காடிஸ் புழுக்கள் மணலையும் குச்சியையும் கோத்துக் கட்டிய கூட்டுக்குள் இருக்கும். அவற்றைத் தின்னவே டிப்பர் என்ற பறவை ஓடும் தண்ணீருக்குள் முங்கி, அடிமட்டத்தில் நடந்து போகும். கூடவே கரையில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாம்பல் வாலாட்டியைக் காணலாம். இந்தப் பறவை உங்களுக்குப் புதிதல்ல. இதே இனத்தைச் சேர்ந்தவை, வேறு குளிர்நாடுகளிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் நீலகிரி, பழனி மலை ஓடைகளுக்கு வருகின்றன. காவிரியிலும் நீர்நாய்கள் இருக்கின்றன. அவையும் பாறைகளிலும் மணல்திட்டுகளிலும் இப்படியே தபால் போடுகின்றன.

நம் ஊரில் பெட்டி ஒளிக்க ஆசையா? சரணாலயங்களுக்குள்ளும் காப்புக்காடுகளுக்குள்ளும் வேண்டாம். அங்கே அனுமதியின்றி நுழைவதே சட்டப்படி தவறு. பேருந்து நிலையம் போன்ற பொது இடங்களிலும் வேண்டாம். கேட்பாரற்ற பெட்டி மற்றவர்களைப் பயமுறுத்தும். பள்ளித் தோட்டம், தாத்தாவின் தோப்பு, உங்கள் வீட்டு மொட்டைமாடி ஆகியவை நல்ல இடங்கள். ஆசிரியரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ சொல்லிவிட்டு வையுங்கள். குறிப்பில் மூன்று கோணங்கள் இருக்கட்டும்: கோயில் கோபுரம், தண்ணீர்த் தொட்டி, பெரிய புளியமரம்.

ஸ்டாம்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு பெரிய அழிரப்பர் போதும். பென்சிலால் படத்தை ஒரு தாளில் அழுத்தி வரைந்து, வரைந்த பக்கத்தை ரப்பர்மேல் வைத்துத் தேய்த்தால் படம் திருப்பிப் பதியும். எதில் மை படக்கூடாதோ அந்த இடத்தை மட்டும் செதுக்கி எடுக்க வேண்டும். கத்தி வேலைக்குப் பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஸ்டாம்பில் இருப்பது தாளில் இடவலமாக மாறித்தான் விழும். அதனால் தாளில் வரைந்து தேய்க்காமல் நேரே ரப்பரில் செதுக்குவதானால், உங்கள் பெயரின் முதல் எழுத்து 'ட' என்றால் அதைத் திருப்பிச் செதுக்க வேண்டும். 'ப' என்றால் கவலையே இல்லை, எப்படிச் செதுக்கினாலும் 'ப'தான். 'ஃ' எழுத்துக்கும் அப்படியே. திருப்பினாலும் மாறாத எழுத்துகள் தமிழில் வேறு இருக்கின்றனவா? ஒரு கண்ணாடியை எடுத்துக்கொண்டு, 'அ'விலிருந்து தொடங்குங்கள்.